பேத்திக்கு மாமியா பேரு

ஏட்டி அருளு,

திட்டாத. நாலு மாசமா ஒரு வரி எழுதல, உன் முட்டு ஆபரேஷனுக்குக் கூட ரெண்டு நிமிஷம் போன்ல பேசிட்டு வச்சிட்டேன், எல்லாம் எனக்கே தெரியும். முட்டு எப்படி இருக்கு, மாடிப்படி ஏறுதியா, அண்ணன் சுகர் டெஸ்ட் பண்ணாவளா? சரி, விசாரிச்சாச்சு, விஷயத்துக்கு வாரேன். வாய்ஸ் மெசேஜ் போட்டா இவிய பக்கத்து ரூம்ல இருந்து கேட்டுருவாவ, அதான் ஒத்த விரலால தட்டிக்கிட்டு கெடக்கேன்.

ஷீபாவுக்குப் பொம்பளப் பிள்ள. பன்னெண்டு நாள் ஆச்சு. நியூஜெர்சில சுகப்பிரசவம், ரெண்டு பேரும் நல்லா இருக்காவ, பிள்ளைக்குத் தலை நிறைய முடி. போட்டோ பாத்து அழுதேன், அதெல்லாம் இருக்கட்டும். பேரு என்னன்னு கேளு. ஹன்னா.

வீடியோ கால்ல அவ பெருமையா சொல்லுதா, "அம்மா, சின்னப் பேரு, வெள்ளைக்காரங்க வாய்லயும் நுழையும், இங்கிலீஷ்ல முன்னாடி இருந்து படிச்சாலும் பின்னாடி இருந்து படிச்சாலும் ஒண்ணுதான்"னு. விகடகவி மாதிரியாம். நான் போன கையில பிடிச்சபடி அப்படியே உக்காந்துட்டேன். உனக்குப் புரிஞ்சிருக்கும். ஹன்னான்னா யாரு? அன்னாள். என் மாமியா! அவளுக்கு ஆச்சி பேரு அன்னாள்னு தெரியும், ஆனா ரெண்டும் ஒண்ணுன்னு தெரியாது. சொன்னேன். "அய்யோ, அது ஓல்டு பேரும்மா, இது வேற"ங்கா. வேறயாம்ல!

அன்னையில இருந்து எனக்குத் தூக்கம் கெட்டுப் போச்சு, ராத்திரி எல்லாம் போனை நோண்டி நோண்டி இந்தப் பேரைப் பத்தி அம்புட்டும் படிச்சிட்டேன், நம்ம தவளை டீச்சர் இருந்தா பரீட்சை வச்சாலும் பாஸ் ஆயிருவேன். எபிரேயுல மூணே எழுத்துதான், ஹேத், நூன், ஹே. மொத எழுத்து தொண்டையில இருந்து செருமிக்கிட்டு வரணும், கிட்டத்தட்ட 'க்ஹன்னா'. கிரேக்கத்துல அந்தச் சத்தத்துக்கு எழுத்து இல்ல, அதனால மொதல்ல மொழிபெயர்த்தவங்க அதை விட்டுட்டு அன்னான்னு எழுதிட்டாவ, அங்க இருந்து லத்தீனுக்குப் போயி, ஊரு ஊரா அன்னா, ஆனி, ஆன், அனிதா, ஆனெட்னு பிரிஞ்சிருக்கு. நம்ம தமிழ் வேதாகமத்துல அதுக்கு ஒரு 'ள்' ஒட்டி அன்னாள் ஆக்கிட்டாவ. சாராள், லேயாள், மரியாள், மார்த்தாள், ஏவாள், எல்லாருக்கும் ஒரு வால். ரூத்தும் எஸ்தரும் எப்படியோ தப்பிச்சிட்டாவ. விகடகவி விஷயத்தையும் பாத்தேன், எபிரேயுல மொத எழுத்தும் கடைசி எழுத்தும் வேற வேற, இரட்டை 'ன'வை ஒரே எழுத்தாத்தான் எழுதுவாவ, திருப்பிப் படிச்சா ஒண்ணும் வராது. அதை ஷீபாகிட்ட சொல்லல, பாவம்.

அர்த்தந்தான் கேளேன். கிருபை. தகுதி இருக்கா இல்லையான்னு பாக்காம இரங்குற தயவு. நாங்க கிருபைங்கோம், உங்க கத்தோலிக்கக் கோயில்ல அருள்ங்கிய. அப்படின்னா அருள்மேரின்னு உன் பேர்லயே பாதி ஹன்னாட்டி நீ! அது மட்டுமில்ல, யோவானும் அதே வேருல இருந்துதான் வருது, 'யெகோவா கிருபையுள்ளவர்'னு. யோவான்தான ஜான், இவிய பேரு. ஆக எங்க மாமியா தன்னை அறியாம தன் பேரையே மகனுக்கு வச்சிருக்காவ. இவியகிட்ட சொன்னேன், பேப்பர்ல இருந்து தலையைத் தூக்காம "அப்படியா"ன்னாவ. யானையைக் கூட்டிக்கிட்டு ஆல்ப்ஸ் மலை தாண்டினானே ஹன்னிபால், அவன் பேர்லயும் அதே வேருதான், பாகால் சாமி கிருபை பண்ணினதாம். அதுக்கு மட்டும் தலையைத் தூக்கினாவ.

உங்க ஆளுங்களுக்கும் ஒண்ணு வச்சிருக்கேன், கோவப்படாத. மாதாவோட அம்மா அன்னம்மாள்னு கும்பிடுதியளே, பைபிள்ல அந்த அம்மா பேரே கிடையாதுட்டி. பைபிள்ல சேராத ரெண்டாம் நூற்றாண்டு புத்தகம் ஒண்ணுல இருந்து வந்த பேரு. ஆனா ஐரோப்பா முழுக்க ஆனும் அன்னாவும் பரவினதுக்கு அவிய மேல இருந்த பக்திதான் பெரிய காரணம். 'ஹ' சத்தத்தோட ஹன்னாங்கிற பேரை இங்கிலீஷ்காரங்க தேடிப் பிடிச்சது சீர்திருத்தத்துக்கு அப்புறந்தான், பியூரிட்டன்னு அந்தக் கண்டிப்பான புராட்டஸ்டண்ட்காரங்க பழைய ஏற்பாட்டைப் புரட்டிப் புரட்டிப் பேரு வச்சாவள்ல, அவிய கூட கப்பல் ஏறி அமெரிக்கா போயிருக்கு. அங்க 1998, 1999, 2000 மூணு வருஷமும் பொம்பளப் பிள்ளைங்க பேர்ல ரெண்டாவது இடம். முத இடம் எமிலி. மூணு வருஷம் முட்டியும் எமிலியை அசைக்க முடியல. எங்க மாமியாளா இருந்தா அசைச்சிருப்பாவ. இப்ப பத்துக்குள்ளயே இல்லையாம், அதனாலதான் எடுத்தேன், கிளாஸ்ல நாலு ஹன்னா இருக்க மாட்டாங்கன்னு ஷீபா சொல்லுதா.

சிரிச்சுக்கிட்டே எழுதுதேன்னு நினைக்காத. உனக்குத்தான் தெரியும் அந்த ஏழு வருஷம். 1988ல கல்யாணம், 1995ல ஷீபா. அதுவரைக்கும் யாரு வந்தாலும் "அன்னாள் மாதிரி ஜெபம் பண்ணும்மா"ங்கிற ஒரே புத்தி. பிள்ளை இல்லாம அழுது ஜெபிச்சு சாமுவேலைப் பெத்தாள்ல, அந்த பைபிள் அன்னாள். வீட்டு ஜெபத்துல மாமியா சாமுவேல் முதலாம் புத்தகம் முதலாம் அதிகாரத்தை எடுத்து என் கையில குடுத்து, சத்தமா வாசின்னு சொல்லுவாவ. கர்த்தர் அவ கர்ப்பத்தை அடைச்சிருந்தார்ங்கிற இடம் வரும்போது கொழுந்தன் பொண்டாட்டி இடுப்புல பிள்ளையோட எதுக்க உக்காந்திருப்பா. மாசத்துக்கு ரெண்டு தடவையாவது அது நடக்கும். அன்னாள் புருஷன் எல்க்கானா அவளைப் பாத்து, பத்துப் பிள்ளையை விட நான் உனக்கு மேல இல்லையான்னு கேப்பான்ல, அப்ப இவிய மூஞ்சியைப் பாப்பேன், இவிய மோட்டுவளையைப் பாப்பாவ.

1993ல ஒருநாள் அடுப்பங்கரையில வச்சு எனக்கு வாய் மீறிருச்சு. "உங்களுக்குப் பேருதான் அன்னாள், செய்யறதெல்லாம் பெனின்னாள் வேலை"ன்னுட்டேன். எல்க்கானாவோட இன்னொரு பொண்டாட்டி, பிள்ளை இல்லாத அன்னாளைக் குத்திக் குத்திக் காட்டினாள்ல, அவ. மூணு நாள் பேசல. அதுக்கப்புறம் அந்த அதிகாரத்தை என் கையில குடுக்கவே இல்ல. இதை உன்கிட்ட கூட இதுவரைக்கும் சொன்னதில்ல.

இப்ப அந்தப் பேரைக் கொஞ்சிக் கூப்பிடணும். நேத்து தனியா இருக்கும்போது சொல்லிப் பாத்தேன், "ஹன்னாக்குட்டி"ன்னு. வரல. "அன்னாக்குட்டி"ன்னு வந்துச்சு.

ஷீபாகூட வேலை பாக்கிற யூதப் பிள்ள ஒண்ணு சொல்லிச்சாம், அவிய புது வருஷத்து மொத நாள் ஆலயத்துல இந்த அன்னாள் கதையைத்தான் வாசிப்பாவளாம். அவ உதடு மட்டும் அசையும், சத்தம் கேக்காது, ஆசாரியன் ஏலி குடிகாரின்னு நினைச்சுத் திட்டுவான்ல, அதுல இருந்துதான் ஜெபத்துக்கே சட்டம் எடுத்திருக்காவ அவிய ரபிமாரு, உதடு அசையணும், சத்தம் போடக்கூடாது, குடிச்சிட்டு ஜெபிக்கக்கூடாதுன்னு. ஆலயத்துல இருந்த பெரியவர் தப்பாப் புரிஞ்சுக்கிட்டாரு, சட்டம் அந்தப் பொம்பள உதட்டுல இருந்து வந்திருக்கு பாரு. அதைக் கேட்டதும் எனக்கு மாமியா ஞாபகம். காலையில நாலரைக்கு அடுப்பு பத்த வைக்கும் முன்ன, டார்ச் லைட்டை அரிசி டப்பா மேல சாச்சு வச்சுக்கிட்டு முணுமுணுப்பாவ, ஒரு சத்தமும் வராது. யாருக்காகன்னு நான் கேட்டதே இல்ல.

ஸ்பெல்லிங் பாக்கணும்னு இவிய பரணுல இருந்து மாமியா பைபிளை இறக்கினாவ. அந்தப் பக்கத்துல பால் கவர் துண்டு ஒண்ணு அடையாளம், ஓரத்துல பென்சில்ல என்னவோ கிறுக்கல். சினிமாவா இருந்தா என் பேரு இருக்கும். இருந்தது பால் கணக்கு. 1993 ஜூலையில இருந்து தினமும் அரை லிட்டர் கூட. அந்த வருஷந்தான் ராத்திரி எனக்கு ஒரு டம்ளர் பால் மேசைமேல மூடி இருக்கும், இவிய வாங்கச் சொன்னதுன்னு நினைச்சிருந்தேன். கேட்டேன், எனக்கு ஒண்ணும் தெரியாதுங்காவ. ஒருவேளை நாய்க்கா இருக்கும், டைகரும் அந்த வருஷந்தான் வந்தான். பால் டைகருக்கா எனக்கான்னு இனி யாருட்டப் போயி கேக்க.

அன்னாள் வருஷா வருஷம் சாமுவேலுக்குச் சின்னச் சட்டை தைச்சுக் கொண்டுபோவாள்ல, பால் மறக்க வச்சதும் சீலோ ஆலயத்துல கொண்டுபோயி விட்டுட்டு. வருஷம் பூரா கண்ணுல பாக்காத பிள்ளைக்கு அளவு எப்படித் தெரிஞ்சிச்சு? எனக்கு விசா இன்டர்வியூவே மூணு மாசம் கழிச்சுத்தான். பழைய வாயில் சேலையைக் கிழிச்சு ஆறு ஜபலா தைச்சிருக்கேன், ரெண்டு சின்னது, ரெண்டு நடுத்தரம், ரெண்டு பெரிசு. எது சேருதோ சேரட்டும்.

ஒரு காரியம் செய்யி. என் கல்யாணத்துல நீ எடுத்த போட்டோல மாமியா மட்டும் தனியா நிக்கிறது ஒண்ணு இருக்கும், பச்சைப் பட்டு, கையில பன்னீர்ச் சொம்பு. எங்க ஆல்பம் செல்லரிச்சுப் போச்சு. போன்ல படம் பிடிச்சு அனுப்பு, வெளிச்சத்துல வச்சு எடு, போன தடவை மாதிரி உன் பெருவிரல் தெரியாம. ஷீபா கேக்கா, ஆச்சி சின்ன வயசுல எப்படி இருந்தாவன்னு.

ரெண்டு பன் காசு இன்னும் பாக்கி, மறந்திராத.

உன்
கிரேஸி