கரையில்லாத கட்டி

மதுரை,
ஐப்பசி 24

அன்புள்ள வள்ளி,

உன் கடிதம் திங்கட்கிழமையே வந்துவிட்டது. மூன்று நாள் மேஜைமேல் வைத்துவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். நீ கேட்டவற்றில் ஒரு கேள்விக்கு மட்டும் நேராகப் பதில் சொல்ல மனம் வரவில்லை. இன்று விடியற்காலை மழைச் சத்தத்தில் விழிப்பு வந்தது, எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஃபோனில் பேசினால் அழுதுவிடுவேன், எழுதியே கேட்கிறேன் என்று எழுதியிருந்தாய். எனக்கும் அதுதான் சௌகரியம்.

உன் தம்பி சேகர் என்றால் எனக்கு இன்னும் அரைக்கால் சட்டைதான் நினைவுக்கு வருகிறது. திருச்சி ஹாஸ்டலுக்கு உன் அப்பாவோடு வந்து, சீடை டப்பாவை என் கையில் கொடுத்து, "இதில் பாதி எங்கள் அக்காவுக்கு" என்று கறாராகச் சொன்ன பையன். அவனுக்கு 56 வயது என்பதையே என்னால் ஏற்க முடியவில்லை. மற்றதை எப்படி ஏற்பது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். "மூளையில் இருந்த கட்டியை முழுவதும் எடுத்துவிட்டோம் என்று டாக்டர் சொன்னார். அடுத்த வாரமே, ஆறு வாரம் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்க வேண்டும், திரும்பி வரக்கூடிய நோய் என்கிறார். இதில் எது உண்மை?" என்று கேட்டிருக்கிறாய். இரண்டுமே உண்மை வள்ளி. நீ தமிழாசிரியை, உனக்கு இது புரியும்: "முழுவதும்" என்ற சொல் அங்கே ஒரு பொருளில் நிற்கிறது, நீ வேறு பொருளில் கேட்டுவிட்டாய். ஸ்கேனில் வெள்ளையாகத் தெரிந்தது முழுவதும் என்பது அவர் சொன்னது. நோய் முழுவதும் என்பது உன் காதில் விழுந்தது.

இந்த வித்தியாசத்தை நான் 31 வருடம் கண்ணால் பார்த்தவள். நோயியல் துறையில் என் வேலை உனக்குத் தெரியும். தியேட்டரில் தலையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். ஒரு சின்ன பாட்டிலில் அரிசி அளவு திசு வரும். மூளைத் திசு இளநீர் வழுக்கை மாதிரி இருக்கும், கத்திக்கு நிற்காது. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையில் வைத்து, கட்டை விரலால் மெல்ல நசுக்கி இழுத்து, சாயம் ஏற்றி, டாக்டரின் மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைப்பேன். எல்லாம் சில நிமிடங்களில் முடிய வேண்டும். மிச்சத் துண்டை மெழுகில் பதித்து மைக்ரோடோமில் சீவுவது மறுநாள் வேலை. ஒரு மில்லிமீட்டரை இருநூறாக வகுத்தால் வரும் கனம்தான் அந்தச் சீவலுக்கு.

மற்ற உறுப்புகளின் கட்டிகளில் பலவற்றுக்கு ஒரு கரை உண்டு. இதுவரை கட்டி, இதற்கப்பால் நல்ல சதை என்று கொஞ்சமாவது சொல்லலாம். சேகருக்கு வந்திருக்கும் கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றில் அந்தக் கரையே கிடையாது. ஸ்லைடை நகர்த்திக்கொண்டே போனால் கட்டியின் உயிரணுக்கள் நெருக்கமாக இருந்து, கலைந்து, அரிதாகி, பிறகு நல்ல மூளை என்று நினைக்கும் இடத்தில் ஒன்று, இன்னும் தள்ளி ஒன்று என்று உட்கார்ந்திருக்கும். உங்கள் வயலில் கோரை பறித்ததை நினைத்துக்கொள். மேலே தெரிகிற புல்லையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு வரப்பில் நின்று பார்த்தால் வயல் சுத்தமாகத்தான் இருக்கும். கிழங்கு மண்ணுக்குள் எங்கே எங்கே கிடக்கிறது என்பது யாருக்குத் தெரியும்? வயலிலாவது ஆழ உழுது போடலாம். மூளையில் ஒரு விரற்கடை கூடுதலாகத் தோண்டினால் பேச்சு போய்விடும், அல்லது வலது கை போய்விடும்.

அப்படியும் தோண்டிப் பார்த்தவர் ஒருவர் உண்டு. அமெரிக்காவில் வால்டர் டாண்டி என்ற மூளை அறுவை நிபுணர். கட்டியினால் ஏற்கெனவே இடப்பக்கம் செயலிழந்துபோன சிலருக்கு, வலது பெருமூளை அரைக்கோளத்தை அப்படியே எடுத்துவிட்டு, 1928இல் அதைப் பற்றி எழுதினார். பாதி மூளை போன பிறகும் நோய் திரும்பியது. எங்கள் துறைத் தலைவர் மாணவர்களுக்கு இதைச் சொல்லிவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் நிற்பார். அந்த மௌனம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

உன் அத்தைக்கு மார்பில் வந்தது கல்லீரலுக்குப் போயிற்றே, அதுபோல இதுவும் போகுமா என்று கேட்டிருந்தாய். போவது மிக அரிது. பெரும்பாலான புற்றுநோய்கள் ரத்தத்திலோ நிணநீரிலோ இறங்கி ஊர் விட்டு ஊர் போகும். அதிலும் எல்லா இடத்திலும் முளைப்பதில்லை. லண்டனில் ஸ்டீபன் பேஜட் என்பவர் மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்து, கல்லீரலில் அவ்வளவு வருவது மண்ணீரலில் ஏன் வருவதில்லை என்று கேட்டார். விதை எங்கும் விழுகிறது, ஏற்ற மண்ணில்தான் முளைக்கிறது என்று 1889இல் எழுதினார். இன்றைக்கும் அது பொய்யாகவில்லை. நுரையீரல் புற்றும் மார்பகப் புற்றும் மூளைக்கு வருவதுண்டு. மூளையில் காணப்படும் புற்றுகளில் இப்படி வந்தேறியவைதான் அதிகம். ஆனால் மூளையிலேயே பிறந்த கட்டிக்கு வெளியூர் மண் ஒத்துக்கொள்வதில்லை போலும். அது வீட்டுக்குள்ளேயே நடக்கும். நரம்பிழைகளை ஒட்டியும், ரத்தக் குழாய்களின் வெளிச்சுவரைப் பிடித்துக்கொண்டும், இரண்டு அரைக்கோளங்களையும் இணைக்கும் பாலத்தின் வழியே மறுபக்கத்துக்கும். அந்தப் பாலத்தில் இருபுறமும் விரிந்த கட்டியைப் பட்டாம்பூச்சி என்றுதான் டாக்டர்கள் சொல்வார்கள். அழகான பெயர், எனக்குப் பிடிக்காத பெயர்.

நான் ஓய்வு பெற்ற பிறகு வந்த செய்தி ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. 2015இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் ஆய்வாளர்கள், இந்த அணுக்கள் நூல் மாதிரி நீண்ட கைகளை நீட்டி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதைக் காட்டினார்கள். அப்படிக் கோத்துக்கொண்டவை கரண்டுக்கும் எளிதில் சாவதில்லை. 2019இல் அவர்களும் ஸ்டான்ஃபோர்டுக்காரர்களும் தனித்தனியே இன்னொன்றைக் கண்டார்கள்: நரம்பணுக்கள் இந்தக் கட்டி அணுக்களோடு இணைப்புப் போடுகின்றன, அங்கே ஓடும் நினைப்பின் மின்சாரத்தையே கட்டி தன் வளர்ச்சிக்கு எடுத்துக்கொள்கிறது. நான் நசுக்கி நசுக்கிப் பார்த்த அந்த அரிசிக்குள் இவ்வளவு நடந்துகொண்டிருந்திருக்கிறது! கண்ணாடிக்குக் கீழே எல்லாம் செத்த பிறகுதானே எங்களிடம் வரும்.

எப்படி ஆரம்பித்தது என்றும் கேட்டாய். பெரியவர்களின் மூளையில் நரம்பணுக்கள் பெரும்பாலும் பிரிவதில்லை. அவற்றைத் தாங்கிப் போஷிக்கும் கிளையா அணுக்களும் அவற்றின் முன்னோடி அணுக்களும்தான் பிரியும். ஓர் அணு பிரியும்போது அதன் எழுத்துகளையெல்லாம் படியெடுக்க வேண்டும். படியெடுப்பில் பிழை வரும். ஏடு பெயர்த்து எழுதியவர்கள் செய்த பிழைகளைப் பற்றி நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். பெரும்பாலான பிழைகளால் ஒன்றும் ஆவதில்லை. சில பிழைகள் அணு பிரிவதைக் கட்டுப்படுத்தும் மடையில் விழும். வாய்க்கால் மடையை எப்போது திறக்கலாம் என்று சேதி கேட்டுச் சொல்லும் மரபணு 7ஆவது குரோமோசோமில் இருக்கிறது. இந்த நோயில் பெரும்பாலும் அந்தக் குரோமோசோம் கூடுதலாக ஒன்று இருக்கும். மடையை அடைக்கும் பலகைகளில் ஒன்று 10ஆவதில் இருக்கிறது. அதில் ஒன்று காணாமல் போயிருக்கும். திறக்கச் சொல்லும் குரல் கூடிவிட்டது, அடைக்கப் பலகை இல்லை. இவற்றோடு, இத்தனை முறைக்கு மேல் பிரியாதே என்ற எல்லையையும் அணு எப்படியோ மீறிவிடுகிறது. ஒரே பிழையில் இது நடந்துவிடாது, ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர வேண்டும்.

ஆகவே, சேகர் செய்த எதனாலும் இது வரவில்லை. தலைக்கு அதிக அளவில் கதிர்வீச்சு பட்டவர்களுக்கு வரலாம் என்பது உறுதியான விஷயம். சில அபூர்வமான குடும்பக் கோளாறுகள் உண்டு. இவ்வளவுதான். அவன் பிள்ளைகளுக்கு வந்துவிடுமோ என்று உன் நாத்தனார் கேட்டதற்கும் இதையே சொல். லேகியத்தில் கரைந்துவிடும் என்று ஒருவர் தினமும் ஃபோன் செய்கிறார் என்றாயே, அவரிடம் நான் பேசுகிறேன். நம்பரை அனுப்பு. வெகுநாளாக யாரையும் திட்டவில்லை.

இப்போது நீ கடைசி வரியில் ஒளித்து எழுதிய விஷயம். புரட்டாசியில் அவன் குடையைக் காட்டி "அந்தத் தடியை எடு" என்றான், நீ சிரித்தாய், "இலக்கணம் படித்தவளின் தம்பியா நீ" என்று கேலி செய்தாய். அன்றே கூட்டிப்போயிருந்தால் என்று எழுதி, அடித்துவிட்டிருக்கிறாய். அடித்ததும் படிக்க முடிகிறது.

இடது நெற்றிப்பொட்டுக்கு உள்ளே கட்டி இருந்ததால் சொற்கள் இடம் மாறின. அது ஓர் அடையாளம்தான், இன்றைக்கு நமக்குத் தெரிகிறது. ஆனால் ஸ்கேனில் ஒரு வளையமாகத் தெரியும் அளவுக்குக் கட்டி வந்துவிட்டால், அதற்கு முன்பே அணுக்கள் கிளம்பிப் போயிருக்கும். மூன்று வாரம் முன்னால் போயிருந்தால் தலைவலியும் வாந்தியும் மிச்சமாகியிருக்கலாம், அறுவை கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கலாம். நோய் வேறு நோயாக ஆகியிருக்காது. உனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று இதைச் சொல்லவில்லை. வேறு விதமாக இருந்தால் வேறு விதமாகவே எழுதியிருப்பேன், நீ என்னை அறிவாய்.

மாத்திரை கொடுத்த இரண்டாம் நாளே அவன் தெளிவாகப் பேசினான், குணமாகிவிட்டான் என்று கோயிலுக்குப் போனாயே, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டி தன் வேகத்துக்குத் தானே ஈடுகொடுக்க முடியாதது. நடுவில் ரத்தம் எட்டாமல் செத்துப்போகும். மைக்ராஸ்கோப்பில் அந்தச் செத்த இடத்தைச் சுற்றி அணுக்கள் பனைமட்டை வேலி கட்டியதுபோல் வரிசையாக நெருங்கி நிற்கும். அவை தப்பித்து வெளியே நகர்பவை என்பார்கள். மூச்சுக்குத் திணறும் அணுக்கள் ரத்தக் குழாய்களைக் கூவி அழைக்கும். அவசரத்தில் முளைக்கிற குழாய்கள் ஓட்டைக் குழாய்கள். நீர் கசிந்து மூளை வீங்கும். டெக்ஸாமெத்தசோன் என்ற அந்த மாத்திரை வற்றவைத்தது அந்த வீக்கத்தை. கட்டியை அது தொடவில்லை. பசி கூடும், தூக்கம் கெடும், முகம் உப்பும், சர்க்கரையும் ஏறலாம். டாக்டர் சொல்லாமல் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள்.

கரண்ட் வைப்பது வலிக்காது. முகத்துக்கு அச்செடுத்தாற்போல் ஒரு வலை முகமூடி செய்து மேஜையோடு பொருத்துவார்கள். அதுதான் மூச்சு முட்டுவதுபோல் இருக்கும்; முதல் இரண்டு நாள் பயப்படுவான். வாரத்துக்கு ஐந்து நாள், மொத்தம் 30 முறை. கூடவே டெமோசோலமைடு என்ற புற்றுநோய் மருந்து, கேப்சூலாக. பிரித்துப் பொடியைக் கரைத்துக் கொடுக்க வேண்டாம், அப்படியே விழுங்க வேண்டும். பழைய இடத்தை ஒட்டி இரண்டு சென்டிமீட்டருக்குள்தான் இது பெரும்பாலும் திரும்பும் என்பதால் அந்த எல்லை வரை சேர்த்துத்தான் கரண்ட் வைப்பார்கள். மண்ணுக்குள் கிடக்கும் கிழங்குக்குத்தான் இதெல்லாம்.

பயாப்சி ரிப்போர்ட்டில் இரண்டு வரி தேடு. ஒன்று ஐ.டி.எச். என்ற மரபணு. அது மாறியிருந்தால் 2021 முதல் இந்த நோய்க்கே வேறு பெயர். மெல்லப் போகிற வகை. சேகர் வயதில் பெரும்பாலும் மாறியிருக்காது, எதிர்பார்த்து ஏமாறாதே. இன்னொன்று எம்.ஜி.எம்.டி. கட்டி அணுக்களில் மருந்து உடைத்ததை ஒட்டவைக்கும் தச்சன் அது. மெத்திலேஷன் இருக்கிறது என்று போட்டிருந்தால் தச்சன் வாயடைத்துக் கிடக்கிறான், கேப்சூல் நன்றாக வேலை செய்யும். அந்தப் பரிசோதனையே செய்யவில்லை என்றால் கேள். மெழுகுக் கட்டியை வைத்திருப்பார்கள், இப்போதும் செய்யலாம்.

மூன்று நாளாக நான் சுற்றி வந்த கேள்வி மிச்சமிருக்கிறது. எத்தனை நாள் என்று கேட்டாய்.

இந்தக் கேப்சூலை முதலில் பெரிய அளவில் 573 பேருக்குச் சோதித்து 2005இல் வெளியிட்டார்கள். கரண்ட் மட்டும் வைத்தவர்களில் நடு ஆள் 12.1 மாதம் இருந்தார். கேப்சூலும் சேர்ந்தால் 14.6 மாதம். இரண்டு வருடம் தாண்டியவர்கள் நூற்றுக்கு 10.4ஆக இருந்தது 26.5 ஆனது. ஐந்து வருடம் கடந்தும் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் இருந்தார்கள். நடு ஆள் என்றால், பாதிப் பேர் அவருக்கு முன்னால் போனார்கள், பாதிப் பேர் அவரைத் தாண்டினார்கள். சேகர் வரிசையில் எங்கே நிற்கிறான் என்று நான் சொன்னால் அது பொய். அவனே கேட்டால் சொல்லிவிடு, கேட்காவிட்டால் நீயாக ஆரம்பிக்காதே. பாங்க் கையெழுத்து, நிலப் பத்திரம் இவற்றை மட்டும் இந்த மாதமே பார்த்துவிடுங்கள், எழுத்து அவன் வசத்தில் இருக்கும்போதே.

என் பக்கம் சொல்ல அதிகமில்லை. முழங்கால் மாடிப்படிக்கு மட்டும் சண்டை போடுகிறது. கொல்லையில் நாரத்தை காய்த்துக் கொட்டுகிறது, உப்பில் போட்டு வைத்திருக்கிறேன். சேகருக்கு அது ஆகுமா என்று அங்கே டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவை.

வெள்ளிக்கிழமை காலை தஞ்சாவூர் பஸ் ஏறுகிறேன். அண்ணனை பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்ப வேண்டாம், ஆட்டோவில் வந்துவிடுவேன். அதற்குள் சேகர் குடையைத் தடி என்று சொன்னால் திருத்தாதே. எடுத்து அவன் கையில் கொடு.

உன்,
ராஜம்