ரோட்டோர போர்டுல நெரிசல் செய்தி போடறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். கன்ட்ரோல் ரூம்ல உக்காந்து, ரோட்டு மேல இருக்குற எலக்ட்ரானிக் போர்டுல என்ன ஓடணும்னு முடிவு பண்றவங்க யாரா இருந்தாலும் இது உங்களுக்குத்தான். 'முன்னால் நெரிசல், தாமதம் ஏற்படலாம்'னு போடறீங்க, நாங்களும் நேரா போய் அதே நெரிசல்ல நிக்கிறோம். சொன்னா கேக்க மாட்டேங்குறாங்கன்னு நீங்க தலையில அடிச்சுக்குவீங்க, ஆனா கேக்காததுக்குக் காரணம் இருக்குங்க.

முதல்ல, நிறைய பேர் கண்ணுல அது படறதே இல்ல. லண்டன் போர்டுகள வச்சு செஞ்ச ஒரு ஆய்வு 2002ல வந்துச்சு, அதுல செய்தியக் கவனிச்சவங்களே மூணுல ஒருத்தர்தான். இப்படி செய்தி வந்தா ரூட்ட மாத்துவீங்களான்னு கேள்வித்தாள்ல கேட்டு ஒரு கணக்கு வச்சிருந்தாங்க, நிஜத்துல மாத்தினவங்க அதுல அஞ்சுல ஒரு பங்குதான். இத்தனைக்கும் பாத்தவங்க தகவல் உபயோகமாதான் இருக்குன்னு சொல்லிருக்காங்க! எங்க திரும்புறது, அந்த வழி காலியா இருக்கா, எவ்ளோ சுத்தணும், ஒண்ணுமே தெரியலன்னா தெரிஞ்ச நெரிசலே தேவலைன்னுதான் யாருக்கும் தோணும்.

அதனால எந்த இடம், எத்தனை நிமிஷம், எதனால, இத மட்டும் போடுங்க. அஞ்சு நிமிஷமா அம்பது நிமிஷமான்னு தெரியாம யாரும் ஸ்டியரிங்க திருப்ப மாட்டாங்க. போர்டும் பிரியுற ரோட்டுக்கு நல்லா முன்னாடியே இருக்கணும், தாண்டினப்புறம் சொல்லி என்ன பிரயோஜனம்.

அப்புறம் அந்த ரெண்டு பக்க செய்தி, அதான் ஒரே செய்திய ரெண்டாப் பிரிச்சு போர்டுல மாத்தி மாத்திக் காட்டுறது. 80ல போற வண்டி ஒரு செகண்டுக்கு 22 மீட்டர் ஓடிடும். முன்னாடி கன்டெய்னர் லாரி மறைச்சுட்டுப் போகுது, அது விலகி போர்டு தெரியுறப்ப முதல் பக்கம் போயிடுச்சு, 'மாற்று வழியில் செல்லவும்'னு மட்டும் இருக்கு, எதுக்குன்னே புரியல, பக்கத்து லேன்ல ஒருத்தர் அதப் படிக்கிறதுக்காகவே பிரேக்க மிதிக்கிறார், பின்னாடி வர்றவங்க எல்லாரும் மிதிக்கிறாங்க, இல்லாத நெரிசல் அங்கயே ஆரம்பிச்சாச்சு.

போர்டு சும்மா இருக்கேன்னு எதையாவது ஓட விடறதும் வேணாம். டெக்சாஸ்ல ரோட்டு விபத்துல இந்த வருஷம் இத்தனை பேர் செத்தாங்கன்னு மாசத்துல ஒரு வாரம் காட்டுனாங்க, 2022ல சயின்ஸ் இதழ்ல வந்த ஆய்வுப்படி அந்த வாரத்துல போர்டு தாண்டின 10 கிலோமீட்டர்ல விபத்து 4.5 சதவீதம் கூடியிருக்கு. பயமுறுத்தினா கவனம் சிதறும், வேற என்ன.

எல்லாரும் ஒரே சின்ன ரோட்டுக்குத் திரும்பிட்டா அதுவும் அடைச்சுக்குமேங்குற உங்க பயம் நியாயம்தான். ரெண்டு வழிக்கும் ஆகுற நிமிஷத்த பக்கத்துல பக்கத்துல போட்டு அப்பப்ப மாத்திட்டே இருங்க, போறவங்க பாத்து பிரிஞ்சுக்குவாங்க.

இதெல்லாம் செலவு, நேரம் ஆகும்னா ஒண்ணு மட்டுமாவது உடனே பண்ணுங்க. ரோடு கிளியர் ஆகி எல்லாரும் பறந்துட்டு இருக்குறப்பவும் நெரிசல்னே போர்டு எரிஞ்சா, அடுத்த தடவை நிஜமாவே அடைச்சிருந்தாலும் எவனும் நம்ப மாட்டான். பழைய செய்திய எடுக்குற வேலைய ஒவ்வொரு ஷிப்ட்லயும் ஒருத்தர் பொறுப்புல விடுங்க.

இப்படிக்கு,
தினமும் அந்த போர்டுக்குக் கீழ போற ஒருத்தன்