ஸ்டிக்கை மாற்றும் முன் கையைப் பாருங்கள்: கன்சோல் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், பாலக்கோடு, அரூர், ஊத்தங்கரை ஊர்களில் செல்போன் கடையோடு கேம் கன்சோலும் விற்று, பழுதும் பார்க்கும் அண்ணன்மார்களுக்கு,

வணக்கம்.

கையில் பிடித்து ஆடும் கன்சோல்களான நிண்டெண்டோ ஸ்விட்சையும் ஸ்டீம் டெக்கையும் கம்பெனிக்காரர்கள் நம் நாட்டில் நேரடியாக விற்பதில்லை. பெங்களூரு நேஷனல் மார்க்கெட், எஸ்.பி. ரோடு, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் வழியாகவோ, வெளிநாட்டிலிருந்து வரும் உறவுக்காரர் பெட்டியிலோதான் அவை இங்கே வந்து சேர்கின்றன. பழுதானால் கொண்டுபோக கம்பெனி சர்வீஸ் சென்டர் கிடையாது; உங்கள் கவுண்டர்தான் போக்கிடம். அதனால்தான் இந்த மடலை கம்பெனிக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறோம்.

கவுண்டருக்கு வரும் புகார்களில் முக்கியமானவை இரண்டு. "ஸ்டிக் தானா நகருதுங்க" என்பது ஒன்று; கட்டைவிரலால் தள்ளித் திருப்பும் குட்டிக் குமிழ்தான் ஸ்டிக். "கட்டைவிரல் வலிக்குது, மணிக்கட்டு இழுக்குது" என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஒரு உதிரிபாகம், இரண்டாவதற்கு ஒரு ரப்பர் கிரிப் என்று கொடுத்து அனுப்புவது பழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் இரண்டும் ஒரே புகார்தான். ஸ்டிக் நினைத்தபடி கேட்காதபோது ஆடுபவர் தன்னையறியாமல் இறுக்கிப் பிடிக்கிறார். இறுக்கினால் விரலின் தசைநாண் வலிக்கிறது, ஸ்டிக்கும் சீக்கிரம் தேய்கிறது. தேய்ந்த ஸ்டிக்கை இன்னும் இறுக்குகிறார். கட்டுப்பாடு சரியானால்தான் கை தளரும். அதைச் சரிபார்க்கக் கால்மணி நேரம் போதும்.

முதலில் எடை. ஸ்விட்ச் லைட் 275 கிராம். இரண்டு பக்கமும் ஜாய்கான் (கழற்றி மாட்டும் கன்ட்ரோலர்) மாட்டிய முதல் ஸ்விட்ச் 398 கிராம். ஆசுஸ் கம்பெனியின் ஆர்ஓஜி அல்லை 608, முதல் ஸ்டீம் டெக் 669, ஓஎல்இடி திரை கொண்ட டெக் 640. அல்லை, டெக் என்றால் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைவிடக் கனமானதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே கட்டைவிரலால் நுணுக்கமாக வேலை செய்ய வேண்டியிருக்கிறது. எட்டாவது படிக்கும் பிள்ளைக்கு டெக்கைக் காட்டும் முன் லைட்டைக் கையில் கொடுத்துப் பாருங்கள். நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் மூன்றும் பின்பக்கமாக எடையைத் தாங்க வேண்டும். ஆள்காட்டி விரல் மேலே எல், ஆர் பட்டன்கள் மீது சும்மா படுத்திருக்க வேண்டும். கட்டைவிரலுக்கு எடையில் பங்கே இருக்கக் கூடாது. கன்சோலைப் பிடித்தபடி இரண்டு கட்டைவிரலையும் தூக்கச் சொல்லுங்கள். கன்சோல் சரிந்தால் பிடி தவறு, அல்லது அந்தக் கைக்கு அது பெரிது. ரப்பர் கிரிப் விற்பதானால் இந்தச் சோதனைக்குப் பிறகு விற்கலாம். பின்பக்கக் காற்றுத் துளைகளையும் மேல்பக்கம் சூடு வெளியேறும் இடத்தையும் மூடும் கிரிப் மட்டும் வேண்டாம். ஸ்விட்ச்சுக்குச் சொல்லப்பட்ட வெப்ப வரம்பே 35 டிகிரிதான்; நம் ஊர் மே மாதம் அதை எளிதாகத் தாண்டிவிடும்.

வீட்டில் எப்படி ஆடுகிறார்கள் என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். பாயில் மல்லாந்து படுத்து முகத்துக்கு மேலே பிடித்தால் மொத்த எடையும் கட்டைவிரலுக்கும் மணிக்கட்டுக்கும் போகும். குப்புறப் படுத்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். சுவரில் முதுகு சாய்த்துச் சம்மணமிட்டு, மடியில் ஒரு தலையணை வைத்து, அதில் இரண்டு முழங்கையையும் ஊன்றினால் திரை உயரும், மணிக்கட்டு மடங்காமல் நேராக நிற்கும். கண்ணுக்கும் திரைக்கும் இடையே ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாக, 40 செ.மீ. இருக்கட்டும். ஸ்விட்ச்சின் சார்ஜிங் சாக்கெட் அடியில் இருக்கிறது. ஒயரை மாட்டிக்கொண்டே மடியில் ஊன்றி ஆடினால் சாக்கெட் வளைந்து பின் உடையும்.

இனி ஸ்டிக். நடுவிலிருந்து எவ்வளவு தள்ளும்வரை கன்சோல் கண்டுகொள்ளாமல் இருக்கும் என்ற அளவுதான் டெட் ஜோன். ஸ்டிக் தானாக நகர ஆரம்பித்ததும் இதை 25, 30 சதவீதத்துக்கு ஏற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். நகர்வது நின்றுவிடும், உண்மைதான். ஆனால் ஸ்டிக்கின் பயணத்தில் கால்வாசி செத்துப்போகும். கேமில் மெல்ல நடக்க வேண்டிய ஆள் ஒன்று நிற்பான், இல்லையென்றால் ஓடுவான். குறி இலக்கைத் தாண்டும், இழுத்தால் மறுபக்கம் தாண்டும். கை இறுகத் தொடங்குவது இங்கேதான். நல்ல ஸ்டிக்குக்கு 5 முதல் 10 சதவீதம் போதும். 15-க்கு மேல் வைத்தால்தான் அடங்குகிறது என்றால் ஸ்டிக் முடிந்துவிட்டது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

ஸ்டீம் டெக்கில் இந்த அளவு கன்ட்ரோலர் அமைப்பிலேயே இருக்கிறது. ஸ்விட்சில் கன்சோலுக்கென்று பொதுவாகக் கிடையாது, சில கேம்களுக்குள் மட்டும் இருக்கும். அதில் இருப்பது கேலிபிரேஷன், அதாவது ஸ்டிக்கின் நடு எது என்று கன்சோலுக்குத் திரும்பக் காட்டிக்கொடுப்பது: சிஸ்டம் செட்டிங்ஸ், கன்ட்ரோலர்ஸ் அண்ட் சென்சார்ஸ், கேலிபிரேட் கன்ட்ரோல் ஸ்டிக்ஸ். அந்தத் திரையில் ஸ்டிக்கை ஒவ்வொரு பக்கமும் தள்ளி, சட்டென்று விடுங்கள், பக்கத்துக்குப் பத்துத் தடவை. புள்ளி எப்போதும் ஒரே இடத்தில், ஒரே அளவு விலகி நின்றால் கேலிபிரேஷனில் சரியாகும். ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் நின்றாலோ, நின்ற இடத்தில் துடித்தாலோ அது தேய்மானம். எத்தனை தடவை கேலிபிரேட் செய்தாலும் ஒரு வாரம்கூடத் தாங்காது. பழைய கன்சோலை வாங்கும்போதும் விற்கும்போதும் இந்தச் சோதனையை வாடிக்கையாளர் கண்முன் செய்யுங்கள்.

இந்த ஸ்டிக்குகளுக்குள் கார்பன் பூசிய தடம் ஒன்று உண்டு. பழைய ரேடியோவின் வால்யூம் குமிழைப்போல அதன்மேல் ஒரு உலோகக் காண்டாக்ட் உரசி ஓடுகிறது. உரச உரசத் தடம் தேயும், பொடி சேரும், மின்னழுத்தம் பொய் சொல்லும். 2020 ஜூனில் பங்குதாரர் கூட்டத்தில் நிண்டெண்டோ தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா ஜாய்கான் தொல்லைக்காக மன்னிப்புக் கேட்டார். ஆகவே "பையன் முரட்டுத்தனமா ஆடியிருக்கான்" என்று பெற்றவர்களிடம் சொல்லாதீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காக வீட்டில் அடி வாங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

டபிள்யூடி-40 வேண்டவே வேண்டாம். அந்த எண்ணெய்ப் பசை உள்ளே தங்கித் தூசியை இழுக்கும். 99 சதவீத ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) போதும். கன்சோலை முழுவதும் அணைத்து, ஸ்டிக்கின் அடியிலுள்ள ரப்பர் பாவாடையைப் பிளாஸ்டிக் நெம்பியால் தூக்கி, இரண்டு சொட்டு விட்டு, இருபது சுற்றுச் சுற்றி, அரைமணி நேரம் காயவிடுங்கள். தூசி மட்டும் காரணம் என்றால் சரியாகிவிடும். தடமே தேய்ந்திருந்தால் சில நாளில் திரும்ப வரும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் உங்கள்மேல் பழி வராது. பஞ்சர் கடைக் கம்ப்ரசர் காற்றும் கூடாது. அதில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும், அழுத்தத்தில் ஃபேன் தாங்காத வேகத்தில் சுழலும். கிரானைட் அறுக்கும் பட்டறைகளுக்குப் பக்கத்து வீடுகளிலிருந்து வரும் கன்சோலை மென்மையான பிரஷால் துடைத்த பிறகே ஸ்டிக்கைச் சுற்றுங்கள். கல்தூள் உள்ளே போனால் உப்புத்தாளாக வேலை செய்யும்.

ஸ்டிக்கை மாற்றுவதானால் ஜாய்கானின் வெளி ஸ்க்ரூ நான்கும் மூன்று கை ஒய் தலை, ஒய்00 அளவு. ஸ்டார் டிரைவரை நுழைத்தால் தலை வழுக்கிவிடும். திறந்ததும் முதல் வேலை பேட்டரி ஜாக்கைக் கழற்றுவது. ஸ்டிக்கின் ரிப்பனை இழுக்காமல் லாக்கை நிமிர்த்தி எடுங்கள். ஸ்டீம் டெக்கில் பின்மூடியைத் திறக்கும் முன் மெமரி கார்டை வெளியே எடுத்தே ஆக வேண்டும், மறந்தால் கார்டு இரண்டாக உடையும். புதிதாகப் போடுவது ஹால் எஃபெக்ட் ஸ்டிக்காக இருந்தால் நல்லது. காந்தமும் சென்சாரும் ஒன்றையொன்று தொடாததால் உரசித் தேயும் தடமே அதில் இல்லை. 1998-ல் வந்த சேகா ட்ரீம்காஸ்ட் கன்ட்ரோலரிலேயே இது இருந்தது. எதைப் போட்டாலும் கேலிபிரேட் செய்யாமல் கொடுத்துவிடாதீர்கள்.

வலி என்று வருபவருக்கு உதிரிபாகம் எதுவும் இல்லாமலே செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று, பட்டனை இடம் மாற்றுவது. ஓடுவதற்கு ஸ்டிக்கையே அமுக்கும்படி பல கேம்கள் வைத்திருக்கின்றன, கட்டைவிரலுக்கு அதுதான் பெரிய பாரம். டெக்கின் பின்பக்கம் எல்4, எல்5, ஆர்4, ஆர்5 என்று நான்கு பட்டன்கள் சும்மா கிடக்கின்றன, அமுக்குவதை அவற்றுக்குக் கொடுத்துவிடலாம். ஸ்விட்சில் 2020 ஏப்ரல் அப்டேட்டிலிருந்து சேஞ்ச் பட்டன் மேப்பிங் இருக்கிறது. இரண்டு, ஜைரோ, கன்சோல் சாய்வதை உணரும் சென்சார். பெரிய திருப்பத்துக்கு ஸ்டிக், கடைசி நுணுக்கத்துக்குக் கன்சோலையே லேசாகச் சாய்ப்பது என்று பழகினால் கட்டைவிரல் வேலை நன்றாகக் குறையும். தட்டையான மேசையில் வைத்து ஜைரோவைக் கேலிபிரேட் செய்துகொடுங்கள். பஸ்ஸில் மட்டும் அணைத்து வைக்கச் சொல்லுங்கள். தொப்பூர் கணவாயில் பஸ் திரும்புவதைக் கை திரும்பியதாகவே ஜைரோ எடுத்துக்கொள்ளும், குறி அதன் போக்கில் போகும்.

கேம் வேகமும் கைக்குத் தெரியும். நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் 33.3 மில்லி நொடி, 60 என்றால் 16.7. டெக்கில் கனமான கேம் 60-ஐத் தொடாமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் 40-ல் கட்டிவிடுங்கள், 25 மில்லி நொடி, இரண்டுக்கும் நடுவே. ஏறி இறங்கும் 50-ஐவிட அசையாத 40 கைக்குச் சுகம்.

மாம்பழ சீசனில் பட்டன் ஒட்டிக்கொண்டு வரும் கன்சோல்களுக்கு ஐபிஏ மட்டும் பலிக்காது. சர்க்கரை அதில் சரியாகக் கரையாது. டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்த பட்ஸால் பட்டன் ஓரத்தை முதலில் துடைத்து, பிறகு ஐபிஏ.

கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெல்லச் சாய்க்கச் சொல்லுங்கள். கட்டைவிரல் அடியில் சுரீரென்று வலித்தால் தசைநாண் உறை வீங்கியிருக்கலாம். அவருக்கு எதுவும் விற்காதீர்கள். ஆட்டத்தை நிறுத்தி, தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு மூட்டுப் பிரிவில் காட்டச் சொல்லுங்கள். விரல் மரத்துப்போகிறது, இரவில் கூசுகிறது என்றாலும் அதுவே வழி.

உங்களிடம் நாங்கள் கேட்பது இவ்வளவுதான். கவுண்டரில் ஒரு தலையணையும் ஒய்00 டிரைவரும் ஒரு பாட்டில் ஐபிஏவும் இருக்கட்டும். பில்லில் மூன்று வரி கூடுதலாக எழுதுங்கள்: போட்ட ஸ்டிக் எந்த வகை, வைத்த டெட் ஜோன் எத்தனை சதவீதம், கேலிபிரேட் செய்த தேதி. அடுத்த தடவை அதே கன்சோல் வரும்போது எங்கே தொடங்குவது என்பதை அந்த மூன்று வரியே சொல்லிவிடும்.

இப்படிக்கு,
கன்சோல் ஆடுபவர்களும் பழுது பார்ப்பவர்களும்,
தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள்