கட்டடம் வரைகிற தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

"தெருவையும் கட்டடத்தையும் பார்த்தபடியே வரைகிறாய், இதில் உன் கற்பனை எங்கே இருக்கிறது" என்று உன் ஆசிரியர் கேட்டதாக எழுதியிருந்தாய். அவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் பெர்னார்தோ பெல்லோத்தோவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

வெனிஸ்காரர், பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியர். வெனிஸ் காட்சிகளை வரைந்து ஐரோப்பா முழுக்கப் பேர் வாங்கிய கனலெத்தோ இவருக்குத் தாய்மாமா. மாமாவின் பட்டறையில்தான் தொழில் படித்தார், மாமாவின் பட்டப்பெயரையும் தன் கையெழுத்தோடு சேர்த்துக்கொண்டார். அதனால் இன்றுகூடப் போலந்தில் கனலெத்தோ என்றால் மருமகனைத்தான் நினைப்பார்கள். ஆனால் கை வேறு. மாமா வரைந்த கால்வாய்களில் இதமான வெயில் இருக்கும். இவர் படங்களில் வெளிச்சம் குளிர்ந்து வெள்ளிபோல் இருக்கும், நிழல் கனத்து விழும். எனக்கு இவரைத்தான் அதிகம் பிடிக்கும்.

1747-ல் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதித் தலைநகரான டிரெஸ்டனுக்குப் போனார். சாக்சனியை ஆண்ட மூன்றாம் அகஸ்டஸ் மறு வருடமே அரசவை ஓவியராக்கி, ஆண்டுக்கு 1,750 தாலர் சம்பளம் கொடுத்தார். எல்பே ஆறு, பாலம், ஆலயங்களின் கோபுரங்கள் என்று பெரிய பெரிய படங்கள். அப்புறம் 1756-ல் ஏழாண்டுப் போர் வந்தது. 1760-ல் பிரஷ்யப் படை நகரத்தைக் குண்டு போட்டுத் தாக்கியபோது அவருடைய வீடும் அழிந்தது. அதே தாக்குதலில் எரிந்த கிராய்ட்ஸ்கிர்ஷே ஆலயத்தை 1765-ல் வரைந்தார். நீ அந்தப் படத்தை அவசியம் பார்க்க வேண்டும். கோபுரத்தின் ஒரு பக்கம் சரிந்துபோய், உள்ளே இருக்கும் அடுக்கெல்லாம் வெளியே தெரிய நிற்கிறது. கீழே மலைபோல இடிபாடு, அதைச் சுற்றி வேலையாட்களும் வேடிக்கை பார்ப்பவர்களும். அரண்மனைக்கு எவ்வளவு பொறுமையாகக் கோடு போட்டாரோ அதே பொறுமையோடு ஒவ்வொரு உடைந்த கல்லுக்கும் போட்டிருக்கிறார், எங்கேயும் குரலை உயர்த்தவில்லை. அதைப் பார்த்துவிட்டு இது நகல் எடுக்கும் வேலை என்று யாராலும் சொல்ல முடியாது.

சரி, போலந்தின் தலைநகர் வார்சாவுக்கு வருகிறேன். 1768-ல் போலந்து மன்னர் ஸ்டானிஸ்வாஃப் ஆகஸ்டின் அரசவை ஓவியரானார், 1780-ல் அங்கேயே இறந்தார். அரசரின் கோட்டையில் ஓர் அறைக்காக அவர் வரைந்த வார்சா காட்சிகளில் 22 இப்போதும் இருக்கின்றன. தெருக்கள், ஆலய முகப்புகள், வண்டிகள், துறவிகள், நாய்கள் எல்லாம் உண்டு. இரண்டாம் உலகப் போரில், ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்து 1944-ல் வார்சாவில் நடந்த எழுச்சி தோற்றபின் ஜெர்மானியர்கள் அந்த நகரத்தைத் தெருத் தெருவாக எரித்தும் வெடிவைத்தும் தரைமட்டமாக்கினார்கள். கொள்ளை போயிருந்த படங்கள் போருக்குப் பின் திரும்பி வந்தன, நகரத்தைத் திரும்பக் கட்டியவர்கள் அவற்றையும் முன்னால் வைத்துக்கொண்டுதான் வேலை செய்தார்கள்.

பழைய நகரம் முழுவதையும் அவர் படத்தைப் பார்த்தே கட்டினார்கள் என்று சிலர் எழுதுவது மிகை. போருக்கு முன் கட்டடக்கலை மாணவர்கள் எடுத்த அளவு வரைபடங்களும் புகைப்படங்களும் பெரிதும் உதவின. பெல்லோத்தோ அதிகம் கைகொடுத்தது க்ரகோவ்ஸ்கியே ப்ஷெட்மியெஷ்ச்சியே, மியோடோவா போன்ற தெருக்களில். அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல முகப்புகளை மாற்றிவிட்டார்கள், புகைப்படத்தில் இருந்தது அந்த மாறிய தோற்றம்தான். அதற்கும் முந்தைய தோற்றம் வேண்டுமென்றால் இவரிடம்தான் போக வேண்டியிருந்தது.

இதிலும் ஒன்றைக் கவனி. கேமரா அப்ஸ்கூரா என்கிற, லென்ஸ் வைத்த இருட்டுப் பெட்டியில் விழும் பிம்பத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டவர்தான், ஆனால் அதை அப்படியே விட்டவர் இல்லை. சதுக்கத்தை அகலமாக்குவார், ஒரு கட்டடத்தைத் தள்ளி நிறுத்துவார், முகப்பில் தனக்குச் சரியென்று பட்ட திருத்தத்தைச் செய்வார். அப்படி அவர் திருத்தியவற்றில் சில, திரும்பக் கட்டியபோது கல்லிலும் சுண்ணாம்பிலும் எழுந்துவிட்டன. கற்பனை எங்கே என்று கேட்டவருக்கு இதைச் சொல். எந்த இடத்தில் நிற்பது, எந்த நேரத்து வெளிச்சம், எதைக் காட்டுவது, எதை விடுவது என்பதெல்லாம் நீ ஒவ்வொரு முறையும் எடுக்கிற முடிவு, பெட்டி எடுப்பதில்லை.

வார்சா படங்கள் அரச கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, நல்ல தெளிவோடு இணையத்திலும் கிடைக்கும். டிரெஸ்டன் இடிபாட்டை முதலில் பார், பெரிதாக்கிப் பார், அவசரப்படாதே. அதற்கப்புறம் மியோடோவா தெருப் படத்துக்குப் போ.

அன்புடன்,
அண்ணன்