படகும் பேருந்தும் பற்றிப் பேச வந்தவர்களுக்கு நன்றி

மன்ற உறுப்பினர்களுக்கும் நம் நலம் நாடும் அன்பர்களுக்கும் வணக்கம்.

அன்று மாலை நம் மன்றத்தார் போன படகுக்கு நீரில் நடந்ததை நாம் அனைவரும் அறிவோம். போனவர்கள் எல்லோரும் வீடு திரும்பிவிட்டார்கள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. படகு என்று யாராவது வாயெடுத்தாலே பேச்சை மாற்றிவிடும் நிலையில் இருந்த நம் மன்றத்துக்கு, கேட்டவுடன் இசைந்து, சன்மானம் எதையும் பெற்றுக்கொள்ளாமல் வந்து பேசிய உள்ளூர் விருந்தினர்கள் இருவருக்கும் செயலாளர் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன்.

படகோட்டம் பற்றிப் பேசியவர் விளக்குகளிலிருந்து தொடங்கினார். இருளில் செல்லும் படகின் இடப்பக்கம் சிவப்பும் வலப்பக்கம் பச்சையும் எரியும் என்பதையும், இரண்டு விசைப்படகுகள் குறுக்கிடும்போது மற்றதைத் தன் வலப்பக்கத்தில் காண்பவரே விலகி வழிவிட வேண்டும் என்பதையும், 1972 ஆம் ஆண்டின் பன்னாட்டு மோதல் தவிர்ப்பு விதிகளைக் கொண்டு விளக்கினார். பயனுள்ள பேச்சுதான். ஆனால் நான் நன்றி சொல்ல விரும்புவது அதன் பிறகு நடந்த ஒரு சிறு செயலுக்காக.

உயிர்காப்பு அங்கிகளை அவர் மேசைமேல் பரப்பியபோது, கடைசி வரிசையில் இருந்த நம் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து வெளியேற முற்பட்டார். அன்று படகில் இருந்தவர் அவர் என்பதால் யாருக்கும் தடுக்க மனம் வரவில்லை. பேச்சாளர் அவரைத் தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. தாமே ஓர் அங்கியை மாட்டி, வார்களை வேண்டுமென்றே தளர்வாக விட்டுக்கொண்டு, "அம்மா, போவதற்கு முன் இந்தத் தோள்பட்டையைப் பிடித்து மேலே ஒரு இழுப்பு இழுங்கள்" என்று மட்டும் கேட்டார். அவர் இழுத்தார், அங்கி காதுவரை ஏறிப் பேச்சாளரின் முகத்தை மறைத்தது. "இப்போது நான் நீரில் விழுந்தால் அங்கி மிதக்கும், நான் மிதப்பேனா என்பது சந்தேகம்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அரங்கமே சிரித்தது; பல நாள்களுக்குப் பிறகு அந்த அம்மையாரும் சிரித்தார். பின்னர் அவரே இடுப்பு வாரை இறுக்கி, கால்களுக்கிடையே வரும் பட்டையைக் கோத்துக் கொக்கியை மாட்டி, மறுபடி இழுத்துப் பார்த்தார். அங்கி அசையவில்லை. அடுத்து அங்கி அணிந்த ஒவ்வொருவரின் தோள்பட்டையையும் இழுத்துப் பார்த்தவர் அவர்தாம்.

அஞ்சியவரை அங்கிக்குள் நுழைக்காமல், சோதிப்பவரின் இடத்தில் நிறுத்திய அந்தப் பக்குவத்தை நான் எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் படித்ததில்லை. மிதக்கவைக்கும் விசை 50 நியூட்டன் என்ற அளவில் உள்ள அங்கி நீந்தத் தெரிந்தவருக்கு மிதக்கும் துணை மட்டுமே என்றும், மயங்கியவரின் முகத்தை நீருக்கு மேலே திருப்பும் நோக்கில் 150 நியூட்டன் அங்கி வடிவமைக்கப்படுகிறது என்றும் பேச்சாளர் சொன்னதை அதன் பிறகு எல்லோரும் குறித்துக்கொண்டதற்கும் அந்தச் சிரிப்பே காரணம் என்று நினைக்கிறேன்.

பொதுப் போக்குவரத்து பற்றிப் பேசியவர், ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் குறித்த வழியில் குறித்த இடைவெளியில் புறப்படும் வண்டிகளைக் கணித மேதை பாஸ்கல் 1662 ஆம் ஆண்டிலேயே பாரிசில் ஓடச்செய்ததைச் சொல்லித் தொடங்கினார். நெடுநேரம் வராத பேருந்து வரும்போது இரண்டாக வருவது ஏன் என்ற நம் நிரந்தரப் புலம்பலுக்கும் விடை கிடைத்தது: தாமதமான வண்டிக்கு நிறுத்தந்தோறும் கூட்டம் பெருகுவதால் அது மேலும் தாமதமாகிறது, பின்னால் வருவதோ ஏற்ற ஆளின்றி விரைந்து அதை எட்டிப்பிடித்துவிடுகிறது. கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் இருப்பதறிந்து உரையை முன்கூட்டியே முடித்துக்கொண்டாரே, அதற்குத் தனி நன்றி. அந்த நற்குணம் எல்லாப் பேச்சாளர்களுக்கும் வாய்ப்பதில்லை.

நாற்காலி போட்டவர்கள், ஒலிபெருக்கியைச் சரிசெய்தவர்கள், அன்று இரவு கரையில் விளக்கோடு காத்திருந்தவர்கள், வீடுவீடாகத் தகவல் சொன்னவர்கள் அனைவருக்கும் மன்றம் கடமைப்பட்டிருக்கிறது. பெயர் போட வேண்டாம் என்று நீங்கள் கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

இனி மன்றத்தின் சார்பில் படகு புறப்படுமானால், யார் யார் போகிறார்கள், எந்த வழி, எப்போது திரும்புவார்கள், எந்த நேரம் தாண்டினால் மீட்புப் பிரிவை அழைக்க வேண்டும் என்ற நான்கும் எழுதிய தாள் கரையில் ஒருவர் கையில் இருந்தாக வேண்டும். இதை அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக முன்வைக்கிறேன். ஏறும் முன் அங்கிகளைச் சோதிக்கும் பொறுப்பை ஏற்க அந்த அம்மையார் ஏற்கெனவே இசைந்துவிட்டார்.

நன்றியுடன்,
மன்றச் செயலாளர்