பாதையோரப் பூக்களை விட்டுவையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறையில் பேரப்பிள்ளைகளோடு எங்கள் பழைய தோட்டத்துச் செம்மண் சாலையில் காலையில் நடக்கப் போனேன். ஓரமெல்லாம் தொட்டாற்சிணுங்கி, உண்ணிச்செடிப் பூக்கள். ஓடைக்கரை ஈரமண்ணில் ஒரு ராஜா புரூக் பட்டாம்பூச்சி உட்கார்ந்து உப்புநீர் உறிஞ்சிக்கொண்டிருந்தது. கறுப்பு இறக்கையில் பச்சை முக்கோணங்கள், கழுத்தில் சிவப்புப் பட்டை. நம் மலேசியாவின் தேசியப் பட்டாம்பூச்சி! சின்னவள் மூச்சுகூட விடாமல் பார்த்தாள்.

அடுத்த வாரம் போனால், களைக்கொல்லி அடித்து ஓரமெல்லாம் கருகிக் கிடந்தது. எண்ணெய் தரும் செம்பனையின் ஓலையைத் தின்னும் புழுக்களை அழிக்கும் குளவிகளுக்குத் தேன் கிடைக்கட்டும் என்றே பல தோட்டங்களில் டர்னேரா பூச்செடி நடுகிறார்கள். மரத்தடியில் மருந்து அடிக்கட்டும், சரி. பாதையோரத்தில் தானாகப் பூப்பதை ஏன் எரிக்க வேண்டும்? தோட்ட நிர்வாகங்கள் தயவுசெய்து அதை விட்டுவைக்க வேண்டும்.

தோட்டத்து வாசகர்,
தாப்பா, பேராக்