இணைய இணைப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை வீட்டாரிடமே விடுங்கள்

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்பு நலச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

மடிப்பாக்கத்தில் நாற்பது வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பில் ஒன்பது ஆண்டுகளாக வசித்து வருகிறேன். கட்டடத்துக்குள் கேபிள் இழுக்க ஒரே நிறுவனத்துக்கு மட்டும் அனுமதி என்று எங்கள் சங்கம் மூன்றாண்டு ஒப்பந்தம் போட்டபோது, கட்டணச் சலுகை கிடைக்கும் என்று நம்பி நானும் கை தூக்கினேன். சென்ற ஐப்பசி மழையில்தான் அதன் பாதகம் புரிந்தது.

அன்று நான்கு மணி நேரம் மின்சாரம் இல்லை. வீட்டில் இன்வெர்ட்டர் ஓடியது, ரௌட்டரில் விளக்கும் எரிந்தது, ஆனால் இணையம் வரவில்லை. மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தபோது, தண்ணீர்த் தொட்டியை ஒட்டியிருந்த தகரப் பெட்டிக்குள், இணையத்தை வீடுகளுக்குப் பிரித்து அனுப்பும் ‘ஸ்விட்ச்’ என்ற கருவி அணைந்து கிடந்தது. ஃபைபர் எனும் கண்ணாடியிழைக் கேபிள் அந்தப் பெட்டி வரைதான் வருகிறது. அங்கிருந்து வீடுகளுக்கு லேன் கேபிள். பெட்டிக்குப் பொது மீட்டரிலிருந்து மின்சாரம், பேட்டரி கிடையாது. ஃபைபர் நேராக வீட்டுக்குள் வந்து முடியும் இணைப்பாக இருந்தால், கட்டடத்தில் மின்சாரம் கேட்கும் இப்படியொரு கருவியே தேவைப்படாது. அன்று மாலை என் மகளின் இணையவழி நேர்முகத் தேர்வு பாதியில் அறுந்தது. வேறு நிறுவனத்துக்கு மாறலாம் என்றால் ஒப்பந்தம் தடுக்கிறது.

வீட்டுக்கு வீடு தேவை மாறும் என்பதைச் சங்கங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். படம் பார்ப்பவருக்குப் பதிவிறக்க வேகம் போதும். திருமணக் காணொளிகளைத் தொகுத்து அனுப்பும் எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பிக்குப் பதிவேற்ற வேகம்தான் பிழைப்பு, அந்த எண்ணோ விளம்பரத் தாளில் பெரும்பாலும் இருப்பதில்லை. 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) என்பது, எட்டு பிட் ஒரு பைட் என்பதால், நொடிக்கு 12.5 மெகாபைட் மட்டுமே என்பதையும், 699 ரூபாய்த் திட்டம் 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்தால் ஏறக்குறைய 825 ரூபாய் ஆகும் என்பதையும் பலர் முதல் பில் வந்த பிறகே அறிகிறார்கள். மாத டேட்டா வரம்பு தீர்ந்தபின் வேகம் எவ்வளவு குறையும் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டாக வேண்டும். இந்திய அரசு 2023-இல் திருத்திய வரையறைப்படி, குறைந்தது 2 எம்பிபிஎஸ் பதிவிறக்க வேகம் இருந்தால்தான் அது பிராட்பேண்ட். வீட்டில் இருவர் ஒரே நேரத்தில் காணொளிக் கூட்டத்தில் அமர்ந்தால் அந்த வேகம் எந்த மூலைக்கு?

ஆகவே, குறைந்தது இரண்டு நிறுவனங்களுக்காவது ஷாஃப்ட்டில் (மாடிகளுக்குக் கேபிள் ஏறும் செங்குத்து இடைவெளியில்) கேபிள் இழுக்க இடம் கொடுங்கள். ஒரே நிறுவனத்துக்கு மட்டும் உரிமை தரும் பிரிவு எந்த ஒப்பந்தத்திலும் வேண்டாம். மாடியில் ஸ்விட்ச் வைக்கும் நிறுவனம் அதற்குப் பேட்டரியும் வைக்க வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

எங்கள் ஒப்பந்தம் வரும் பங்குனியில் முடிகிறது. அதைப் புதுப்பிக்கக் கூடும் பொதுக்குழுவில் இதே கோரிக்கைகளை எழுதிக் கொடுக்கவிருக்கிறேன்.

இப்படிக்கு,
மடிப்பாக்கத்துக் குடியிருப்பாளர் ஒருவர்